அவர் இல்லாமல் ஏறிய மலைகள்

சென்ற ஆண்டில் பல மாதங்கள் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக் குழாயடியில் நின்று ஷூவைக் கழுவிவிட்டுத்தான் மாடியேறுவேன். பாங்குரா பக்கத்து மண் நல்ல சிவப்பு. ஷூவின் அடியில் இருக்கும் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டால் குச்சி வைத்து நோண்டினால்தான் போகும். என்னைப் பார்த்தவர்கள் சுத்தம் பார்க்கிறவள் என்று நினைத்திருப்பார்கள். அந்த மண் என் கணவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

நான் பவானிபூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வங்கி வேலைக்காகக் கல்கத்தா வந்து இங்கேயே தங்கிவிட்டார். என் தமிழ் வீட்டுக்குள் கற்ற தமிழ். அவசரத்துக்கு வங்காளம்தான் வாயில் வரும். என் கணவர் திருநெல்வேலியிலிருந்து கிடர்பூர்த் துறைமுக அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தவர். ஓய்வு பெறும்வரை கப்பல், சரக்கு, கிரேன் என்றே பேசிக்கொண்டிருந்தவருக்கு மலைதான் பைத்தியம். கடலைப் பார்த்து வளர்ந்தவனும் இல்லை, மலைக்காரனும் இல்லை, எப்படியோ பிடித்துக்கொண்டது என்று அவரே சொல்வார்.

மலை என்றால் இமயமலை இல்லை. தர்மதலா பஸ் நிலையத்தில் விடிகாலையில் அரசு பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய சின்ன மலைகள். சுசுனியா, பிஹாரிநாத், அயோத்தியா குன்றுகள் (ராமர் ஊர் இல்லை, இங்கே வங்காளத்தில் இருப்பது). கார் வைத்துக்கொண்டு போகலாமே என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "கார்ல போனா வழி தெரியாது. பஸ்ல போனாத்தான் ஊர் எங்க முடியுது, மலை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்" என்பார். மகள் பிறப்பதற்கு முன்பும், அவள் படித்து முடித்து பெங்களூர் போன பிறகும், மாதம் ஒரு முறையாவது போய்விடுவோம்.

அவர் வேகமாக ஏறுவார். நான் பார்த்த மலைகளில் பாதி அவருடைய முதுகும் அதில் தொங்கிய நீலப் பையும்தான். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று எனக்காகக் காத்திருப்பார். மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா, வா" என்று கிளம்பிவிடுவார். ஓய்வெடுத்தது அவர், எனக்கு ஓய்வே கிடைக்காது. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. அத்தனை ஆசையாகக் கூட்டிப் போகிற மனிதரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. காலையில் பல் தேய்க்கப் போனவர் குளியலறையில் சரிந்துவிட்டார். உயிர் பிழைத்தார், பேச்சும் சில மாதங்களில் திரும்பியது. வலது காலும் கையும் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஊன்றுகோல் வைத்து வீட்டுக்குள் நடப்பார். மூன்று மாடி இறங்குவது என்றால் பெரிய காரியம். பகலில் ஒரு ஆயா வந்து பார்த்துக்கொள்கிறாள். தினமும் காலையில் பிசியோதெரபிக்காரர் வருவார்.

அவர் வாயைத் திறந்து மலையைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை. நீலப் பையைப் பரணில் போட்டேன்.

கீழ் வீட்டில் ஒரு திதி, அதாவது அக்கா, இருக்கிறாள்; இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அவளுக்கு ஊர் சுற்ற ஆசை, துணைதான் இல்லை. ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தவளிடம் என் கணவர் தாமாகவே வங்காளத்தில் சொன்னார்: "பலாஷ் பூத்திருக்கும் இப்ப. சுசுனியாவுக்கு இவளைக் கூட்டிட்டுப் போங்க திதி."

நான் சமையலறையில் இருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

"உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்ல" என்றேன், வெளியே வந்து.

"ஆயா ராத்திரி தங்கிக்கிறேன்னு சொல்லிட்டா. நான் கேட்டாச்சு."

"என்னைக் கேட்டீங்களா?"

"இப்பக் கேக்கறேன். போயிட்டு வா. ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள கிடந்து என்ன ஆகப்போவுது?"

இரண்டு வாரம் மறுத்தேன். மூன்றாவது வாரம் போனேன். பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது, பாங்குராவில் இறங்கியதும் சாத்னா போகும் பஸ் எந்த மூலையில் நிற்கும், எந்தக் கடையில் பொரியும் சாப் என்கிற பஜ்ஜியும் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லச் சொல்லத் திதி தலையாட்டிக்கொண்டாள். தர்மதலாவில் பஸ் கிளம்பியபோது எனக்கு அழுகை வந்தது. பர்த்தமான் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அடிவாரத்தில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் காலை ஏறினோம். சுசுனியா அடிவாரத்தில் ஒரு ஊற்று உண்டு. கல்லில் செதுக்கிய சிங்க முகத்தின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே பாட்டில் நிரப்பிக்கொண்டு பாதையில் கால் வைத்தோம். திதிக்குக் கனத்த உடம்பு. பத்தடிக்கு ஒரு தரம் நிற்பாள். "பௌதி, கொஞ்சம் உட்காரலாமா?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்பாள். உட்காருவோம். அவள் பையிலிருந்து ஆரஞ்சு வரும். சால மரத்தடியில் உட்கார்ந்து உரித்துத் தின்போம். பாறை இடுக்கில் பல்லி போல ஏதோ ஓடும், பார்ப்போம். எத்தனையோ முறை நான் அந்தப் பாதையில் ஏறியிருக்கிறேன். வழியில் வெள்ளைக் கோடு போட்ட கூழாங்கற்கள் கிடப்பதும், ஓரிடத்தில் காற்று ஊளையிடுவதும் அன்றுதான் தெரிந்தது.

உச்சியில் பெரிய பாறை மேல் மல்லாந்து படுத்தேன். சுற்றிலும் கீழே பலாஷ் மரங்கள், தமிழில் புரசு, பூத்துச் சிவப்பாகத் தெரிந்தன. தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். கண் விழித்தபோது உடம்பு காற்றாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. ஊற்றுக்குப் பிறகு நான் அவரை ஒரு முறைகூட நினைக்கவில்லை.

மறந்தது கூடப் பரவாயில்லை. மனுஷ மனசுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அவர் இல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. முன்னால் ஒரு முதுகு இல்லாமல், காத்திருக்கிறாரே என்ற பதைப்பு இல்லாமல் நடப்பது அத்தனை சுகமாக இருந்தது. அவர் அங்கே ஆயா ஊட்டும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நான் அவர் இல்லாத மலையை ரசித்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது திதி ஏதேதோ பேசினாள். எதுவும் காதில் விழவில்லை.

அன்று இரவு வீடு திரும்பிக் குழாயடியில் முதல்முறையாக ஷூவைக் கழுவினேன். மேலே போனதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

"என்னத்த. ஒரே வெயில். பஸ்ல நிக்க இடமில்ல. முழங்கால் போச்சு. பலாஷ் கூட ரொம்பப் பூக்கல."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. நான் களைத்துப்போனதற்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். "பாவம். போய்ப் படு" என்றார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பிஹாரிநாத் போனோம், அயோத்தியா போனோம், அங்கே மலைமேல் இருக்கும் அணையின் கரையில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு முறையும் ஷூவைக் கழுவிவிட்டு மேலே போய் ஒரு குறை சொல்வேன். சாப்பாடு சரியில்லை. விடுதியில் மூட்டைப்பூச்சி. திதி நடக்கவே மாட்டேன் என்கிறாள். முழங்கால் எப்போதும் பட்டியலில் இருக்கும். அவர் இழந்ததைப் பெரிதாகக் காட்டாமல் இருப்பதுதான் நான் செய்யக்கூடியது என்று நம்பினேன். எனக்கு முழங்காலில் எந்த வலியும் இல்லை.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஒரு நாள் திதி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கள்ளம் கபடம் கிடையாது. என் கணவரை அண்ணன் முறையில் தாதா என்றுதான் கூப்பிடுவாள். "தாதா, உங்க மனைவி செய்யறதைப் பாருங்க" என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். பிஹாரிநாத்தில் எடுத்தது. மழை விட்டிருந்த சமயம். நான் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் கல்லுக்குக் கல் தாவுகிறேன். வழுக்கி, விழாமல் சமாளித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். திதியை வா வா என்று கூப்பிடுகிறேன். அந்த வீடியோ எடுத்தது எனக்கே தெரியாது.

அவர் அதை இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். திதி டீ குடித்துவிட்டுப் போனாள். நான் கோப்பைகளை எடுக்கப் போனேன்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.

"இது எந்த மாசம்?"

"ஆகஸ்ட்."

"அந்தத் தடவை வந்து என்ன சொன்னே? மலையே ஏறல, முழங்கால் வீங்கிடுச்சு, கீழயே உக்காந்திருந்தேன்னு சொன்னே."

கோப்பைகளை மறுபடி தட்டில் அடுக்கினேன்.

"நான் பிசியோகாரர்ட்ட உன் முழங்காலுக்கு என்ன பண்ணணும்னு கேட்டேன். அவர் சொன்னதை உனக்குச் சொல்லிக் குடுத்தேன். நீயும் தினம் என் முன்னாடி காலை நீட்டி மடக்கிக் காமிச்சே."

அது உண்மை. ஒரு மாதம் செய்தேன். அவருக்குத் திருப்தியாக இருக்கட்டும் என்று செய்தேன்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்" என்றேன்.

"எனக்கு எது கஷ்டம்னு நீயே முடிவு பண்ணிட்ட." அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு குழறும். நிறுத்தி நிறுத்திப் பேசினார். "ரெண்டு நாளும் நீ வந்து சொல்லுவேன்னு உக்காந்திருக்கேன். அந்த ஓடை எப்படி ஓடுது, யார் வந்தாங்க, பஸ் எங்க நின்னுச்சுன்னு. நீ வந்து மூட்டைப்பூச்சியைப் பத்திச் சொல்ற."

அன்று எல்லாவற்றையும் சொன்னேன். ஓடை, அணைக்கரைச் சாயங்காலம், பாறைமேல் தூங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் இல்லாமல் நடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பதிலாக, "நீங்களும் வாங்க" என்றேன். குற்ற உணர்ச்சியில் வாயில் வந்ததுதான். அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். அப்புறம் அதைத் திரும்ப வாங்க முடியுமா.

முகுத்மணிபூர் என்று முடிவானது. அங்கே மலை ஏற வேண்டாம். இரண்டு ஆறுகளைத் தடுத்துக் கட்டிய பெரிய ஏரி, அதன் நீளமான மண் கரை, கரையோரத்தில் ஒரு சின்னக் குன்று. திதி தன் தம்பியின் காரைத் தருவதாகச் சொன்னாள். மகள் போனில் கார்தான் என்று கெஞ்சினாள். அவர் பஸ்தான் என்று ஒரே பிடியாக நின்றார். குளிர்காலத் தொடக்கத்தில் நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

தர்மதலாவில் கண்டக்டரும் இன்னொரு பயணியும் சேர்ந்து அவரைத் தூக்கி ஏற்றினார்கள். "மெதுவா, தாது, மெதுவா" என்று கண்டக்டர் தாத்தா முறை வைத்துக் கூப்பிட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. வழியில் இறங்கி ஏறுவது கடினம் என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்தார். ஆனால் பஸ் நகரத்தை விட்டதும் முகம் மாறிவிட்டது. ஒவ்வொரு ஊரையும் எனக்கு முன்பே சொன்னார். மண் சிவக்க ஆரம்பித்த இடத்தில் என் கையைத் தட்டிக் காட்டினார். வெகு நாளைக்குப் பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷா ஒன்றைப் பிடித்து ஏரிக்கரைக்குப் போனோம். குன்றுக்குக் கீழே ஒரு டீக்கடை, மரத்தடியில் பெஞ்சு. அவரை அங்கே உட்கார வைத்தேன். தண்ணீர் நீலமாக, எதிர்க்கரை தெரியாமல் பரந்து கிடந்தது. படகுகள் போய்க்கொண்டிருந்தன. முந்தைய நாள் குடிக்காததற்கும் சேர்த்து அவர் இரண்டு டீ குடித்தார்.

"நீ மேல ஏறிட்டு வா" என்றார்.

"வேணாம். உங்ககூடவே இருக்கேன்."

"சின்னக் குன்னுதானே. போய் என்ன தெரியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

சீக்கிரம் வந்துவிடுவதாகத்தான் போனேன். மேலே பழைய சமணச் சிலைகள் சில திறந்த வெளியில் இருந்தன. அங்கிருந்து பார்த்தால் இரண்டு ஆறுகள் ஏரிக்குள் வந்து கலக்கும் இடம் தெரிந்தது. ஒரு தண்ணீர் பச்சை, ஒன்று சாம்பல். இதைச் சொல்ல வேண்டும் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டேன். குன்றின் மறுபக்கம் ஒற்றையடிப் பாதை ஒன்று தண்ணீர் வரைக்கும் இறங்கியது. யாருமே இல்லை. கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று இறங்கினேன். தண்ணீரில் கால் வைத்தேன். கரையோரமாகவே நடந்தேன். பழைய சுகம் வந்துவிட்டது. அவர் கீழே இருக்கிறார் என்பது தெரிந்தே நடந்தேன். திரும்பலாம் என்று தோன்றும், அடுத்த திருப்பம்வரை போகலாம் என்றும் தோன்றும்.

நான் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பெஞ்சு காலியாக இருந்தது.

டீக்கடைக்காரப் பெண்மணி கரைச்சாலையைக் கை காட்டினாள். "பாத்ரூம் எங்கேன்னு கேட்டார். அங்க, கரையோட கோடியில இருக்குன்னு சொன்னேன். வண்டி கூப்பிடறேன்னேன், வேண்டாம்னு நடந்துட்டார்."

ஓடினேன். கரைச்சாலை நேராக, நிழலே இல்லாமல் போகிறது. தொலைவில் அவர் தெரிந்தார். கரையின் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் போனதும் அவர் பேண்ட் நனைந்திருப்பதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"டீ கொட்டிடுச்சு" என்றார்.

"சரி" என்றேன்.

தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். அந்த வழியாக வந்த ஒரு டோட்டோவை நிறுத்தி ஏறினோம். விடுதி வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அறையில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். வேட்டி கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார வைத்தேன். நான் தரையில் உட்கார்ந்து அவர் பேண்டை வாளியில் அலசிக்கொண்டிருந்தபோது என்னால் அடக்க முடியவில்லை.

"எனக்குத் தனியா நடக்கப் பிடிச்சிருக்கு. அதான் லேட்டாச்சு. வேற ஒண்ணும் இல்ல. நீங்க கீழ இருக்கீங்கன்னு தெரிஞ்சும் வரல."

அவர் இடது கையால் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"உனக்கு என்கூட நடக்கப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்றார் பிறகு.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்த வீடியோவுல பாத்தேன். இத்தன வருஷத்துல நீ என்கூட வந்து ஒரு நாளாவது அப்படிச் சிரிச்சிருக்கியா? வாயே திறக்காம பின்னாலயே வருவே. உனக்குக் களைப்புன்னு நெனச்சேன்."

"நீங்க நிக்கவே மாட்டீங்க. நான் வந்து சேர்ந்ததும் கிளம்பிடுவீங்க."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மெதுவா நடந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. சோப்புக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "மேல என்ன தெரிஞ்சுது, அதைச் சொல்லு" என்றார். பச்சைத் தண்ணீரும் சாம்பல் தண்ணீரும் கலப்பதைச் சொன்னேன். மறுபக்கத்துப் பாதையையும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு வரவில்லை. கேட்டால், "போதும்" என்பார். நான் மாதம் ஒரு முறை போகிறேன், பெரும்பாலும் திதியோடு, சில சமயம் தனியாக. இப்போது ஷூவைக் கழுவுவதில்லை. வந்ததும் எல்லாம் சொல்கிறேன். சில நாள் ஆர்வமாகக் கேட்கிறார். சில நாள் பாதியில் தூங்கிவிடுகிறார். ஒருநாள், "இன்னிக்கு வேணாம், நாளைக்குச் சொல்லு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு எது கஷ்டம் என்று நான் முடிவு செய்யக் கூடாதுதான். ஆனால் அன்று எனக்குத் தெரிந்தது.

போன மாதம் ஆயா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெல்லச் சொன்னாள். நான் ஊரில் இல்லாத இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லையாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அன்றே அவரிடம், இந்த மாதம் நான் போகவில்லை, திதிக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வாசல்வரை போய், மாடியிலிருந்து கீழே திதியைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் நன்றாகத்தான் இருந்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் திதியோடு கிளம்பினேன். எழுந்து உட்கார்ந்திருந்தார். "ஆயா குடுக்கறதை நல்லாச் சாப்பிடுங்க" என்று சொன்னேன். "ம்" என்றார். பஸ்ஸில் அதே நினைப்பாக இருந்தது. இந்நேரம் தட்டைத் தள்ளி வைத்திருப்பார், பாதியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்திருக்கப் பார்த்தேன். பாங்குரா தாண்டி வெட்டவெளியில் சுசுனியா யானை படுத்தது போலத் தெரிந்தது. திதி என் தோளைத் தட்டினாள். நான் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தேன். பை மடியில் தயாராக இருந்தது.